இலைக்கடியில் ஒளிந்த பகை

பழமரம் வளர்ப்போர்க்குச் சில வேளைகளிற் பெருந்துன்பம் மிகச் சிறிய உயிரால் வருவதுண்டு. காப்பி, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றையும், வெட்சி போன்ற பூச்செடிகளையும் தாக்கும் பச்சைச் செதிற்பூச்சி அத்தகைய பகையாகும்.

இப்பகை புகுந்த மரத்தில் முதலிற் கண்ணிற்படுவது பூச்சியன்று. இலைகளின்மேற் படிந்த கருமையே. காண்போர் அதனையே நோயெனக் கருதி, இலைகளைக் கழுவிவிட்டு அமைவர். சில நாட்களிற் கருமை மீண்டும் படரும். கருமை விளைவேயன்றிக் காரணமன்று.

காரணத்தை அறிய விரும்புவோர், கரிய இலைகளுக்கு மேலுள்ள இலைகளின் அடிப்புறத்தை நோக்குதல் வேண்டும். ஆங்கே நடுநரம்பை ஒட்டித் தட்டையான, நீள்வட்ட வடிவுடைய வெளிர்பச்சைச் செதில்கள் வரிசையாகக் காணப்படும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுடையது. அதன் முதுகில் வளைந்த கருங்கோடு ஒன்று தோன்றும். அஃது உள்ளேயுள்ள குடலின் நிழலாகும். அசைவின்றிக் கிடத்தலின் அதனை உயிரென எண்ணுவார் சிலரே. குண்டூசியால் மெல்ல நசுக்கினால், உயிருள்ள பூச்சியினின்று ஈரம் கசியும். இறந்தது உலர்ந்த தோலாய் உதிரும்.

இப்பூச்சி ஊசிபோன்ற வாயினால் மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. மிகுதியை இனிய நீராகக் கழிக்கிறது. கீழ் இலைகளிற் சொட்டிய அந்நீரிலேயே கரும்பூசணம் வளர்கிறது. அது கதிரொளியை மறைப்பதால், இலை உணவாக்கும் தொழில் குன்றுகிறது. இனிப்பை நாடிவரும் எறும்புகளோ, பூச்சியைத் தின்னவரும் பொறிவண்டுகளைத் துரத்திக் காவல் புரிகின்றன!

ஆதலின் முதற்பணி எறும்பின் வழியை அடைப்பதாகும். தரையையும் சுவரையும் தொடும் கிளைகளை வெட்டி, அடிமரத்தில் பசை தடவிய பட்டையைச் சுற்றினால் எறும்பு ஏறாது. மிகவும் தாக்குண்ட கிளைகளைக் களைந்து எரித்தல் வேண்டும். தாயின் உடலடியினின்று வெளிப்பட்டு ஊர்ந்து செல்லும் இளம்பூச்சிகளின் மேனி மிக மென்மையானது. அப்பருவத்தில், ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் வீதம் மீன்எண்ணெய்ச் சோப்பைக் கரைத்து, இலையின் அடிப்புறம் நனையுமாறு மாலையில் தெளித்தல் நன்று.

கடுநஞ்சைக் கண்டபடி தெளித்தல் தீங்காம். அது பகையோடு பொறிவண்டு முதலிய நட்பையும் கொல்லும். காவலற்ற மரத்திற் பகை முன்னினும் பெருகும். மழைக்காலத்தில் இறந்த செதிற்பூச்சிகளைச் சுற்றி வெண்ணிற வளையம் தோன்றுவதுண்டு. அது பூச்சியைக் கொல்லும் வேறொரு பூசணம், உழவரின் நண்பன். அதனைக் கரும்பூசணத்தோடு ஒன்றாக எண்ணி அழித்தலாகாது.

நட்பையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். காப்பியைத் தாக்கிய இப்பூச்சியை ஒழிக்க, 1898-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவினின்று ஒருவகைப் பொறிவண்டு இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. செதிற்பூச்சியை அடக்குவதில் அது பெரும்பயன் தரவில்லை. ஆயினும் தென்னாட்டில் நிலைத்து, மாவுப்பூச்சிகளைத் தின்று இன்றும் உழவர்க்கு உதவுகிறது. எவ்வுயிர் எதனை உண்ணும் என்றறிதலின் அருமை இதனால் விளங்கும்.

பூச்சி ஒழிந்தால் இனிய நீர் நிற்கும். நீர் நின்றால் கருமை தானே உலர்ந்து உதிரும். மேலே தோன்றும் குறியோடு நில்லாது, அடிப்புறத்தையும் நோக்குவோரே மரத்தைக் காப்பர்.