மழைக்காலமும் ஆலயத்து மின்சாரமும்



கோபுரம் எழுப்புவதும் வர்ணம் தீட்டுவதும் திருப்பணி என்பதை அனைவரும் அறிவோம். சுவருக்குள் ஓடும் வயரைப் பழுதின்றிக் காப்பதும் அதற்குக் குறையாத திருப்பணியே. மின் தொழிலில் பல்லாண்டு பழகியவன் என்ற முறையில், இது குறித்துச் சில பாடங்களை இம்மலரில் எழுத முன்வந்தேன்.

நம் மலையின் கடுங்காலம்

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர் நாடுகளில் மின்கம்பி மீது பனி உறைந்து, பாரம் தாங்காமல் கம்பி அறுந்து விழுவதுண்டு. இங்கே அந்தத் தொல்லை இல்லை. கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-இல் பதிவான 7.8 டிகிரி செல்சியஸே மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை. நமக்குக் கடுங்காலம் என்பது மழையும் மூடுபனியும் இடியும்தான். அக்டோபர், நவம்பரில் மழை வலுக்கிறது. தீபாவளி, கந்த சஷ்டி, திருக்கார்த்திகை ஆகியவையும் அதையொட்டியே வருகின்றன. கூட்டமும் சரவிளக்கும் மிகுந்த நாளில்தான் ஈரமும் மிகுதியாக இருக்கிறது.

ஈரத் தரையும் வெறுங்காலும்

அபிஷேகம் நடக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். தரையெல்லாம் நீர், குருக்களும் பக்தர்களும் வெறுங்காலோடு நிற்கிறார்கள். நனைந்த உடலின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட் பட்டால் 230 மில்லி ஆம்பியர் உடலில் பாயும். இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். ஆனால் 20 ஆம்பியர் பிரேக்கர், 20,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். அது வயரைக் காக்கிறது, மனிதரைக் காப்பதில்லை.

மனிதரைக் காப்பது இ.எல்.சி.பி. எனும் கருவி. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிடுகிறது. இடையில் சிறிது கசிந்தாலும் நொடியில் ஒரு பகுதிக்குள் துண்டித்துவிடும். 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியரும், தரை நனையக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரும் உச்ச அளவு என்கின்றன. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும்.

மழை பெய்யும்போது அடிக்கடி விழுகிறதே என்று சிலர் அதைத் தவிர்த்து நேராக இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். திருடனைக் கண்டு குரைத்த நாயை அடித்து விரட்டுவதற்கு ஒப்பானது அது. ஒவ்வொரு பிரிவாக அணைத்துப் பார்த்தால் கசிவு எங்கே என்பது தெரிந்துவிடும்.

மூடுபனி செய்யும் வேலை

இரவில் பெட்டியின் இரும்பு குளிரும்போது, உள்ளே புகுந்த ஈரக்காற்று துளித்துளியாக வியர்க்கும். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு படியும். இணைப்பு தளர்ந்து சூடேறும். ஆகவே, அக்டோபருக்கு முன்பே பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து, மெயினை நிறுத்தி, முனைகளைத் துடைத்து இறுக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கர் சோதனையில் 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வயர் பழுதாகிவிட்டது என்று பொருள். வெளியிலுள்ள பெட்டிக்குள் வயர் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையுமுன் அதைச் சற்றுத் தாழ வளைத்துவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடியும் மின்னலும்

கோபுரத்து இடிதாங்கியின் செம்புப் பட்டை அறுபடாமல் மண்வரை செல்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். மண் தடை 10 ஓமுக்குள் இருப்பது நலம். இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும், ஒலிபெருக்கியைக் காக்காது. அதற்கு மெயின் பெட்டியில் சர்ஜ் தடுப்பான் வேண்டும். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 3 விநாடிக்கு 1 கிலோமீட்டர் என்று கணக்கிடலாம். 30 விநாடிக்குள் ஓசை கேட்டால், தகரப் பந்தலிலும் மரத்தடியிலும் நிற்போரைக் கட்டடத்துக்குள் அழைத்து வாருங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுத்திருங்கள்.

ஜெனரேட்டரை மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது. தெருக் கம்பியைப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரை அது பறித்துவிடக்கூடும். அதன் புகையும் நஞ்சு. ஆலயத்துக்கு வெளியேதான் அதை வைக்க வேண்டும்.

கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். சரவிளக்குக்கு உபயம் தர முன்வருவோர் பலர். இ.எல்.சி.பி.க்கும் எர்த் கம்பிக்கும் உபயம் தருவோர் அரிது. அவற்றில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆயினும், வழிபட வந்த ஒவ்வொருவரும் நலமாக இல்லம் திரும்புவதற்கு அந்த உபயமே துணை நிற்கும். இவ்வாண்டு மழைக்கு முன் அப்பணி நிறைவேற எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.