தாய்ப்பால் சுரப்பும் நீவுமுறையும்

பாலக்காடு–பொள்ளாச்சி வழியில், கேரள எல்லையில் அமைந்துள்ள மீனாட்சிபுரம் போன்ற ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்குகின்றன. மகப்பேற்றுக்குப் பின் தாயின் உடலில் எண்ணெய் தடவி நீவிவிடும் வழக்கம் இரு மொழியினரிடமும் உண்டு. இவ்வழக்கம் பாலூட்டலுக்கு எவ்வளவு துணைபுரியும் என்பதை மகப்பேறு நலப் பணியாளர் தெளிவாக அறிதல் வேண்டும்.

பால் சுரத்தலும் அது வெளிவருதலும் வெவ்வேறு செயல்கள். குழந்தை சப்பும்போது தாயின் பிட்யூட்டரி சுரப்பி இரு ஹார்மோன்களை வெளிவிடுகிறது. புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் அதை வெளியேற்றுகிறது. வலியும் கவலையும் ஆக்சிடோசினைத் தடுக்கும். மார்பில் பால் தேங்கினாலோ சுரப்பே குறையும். எனவே, நீவுதல் தானாகப் பாலை உண்டாக்குவதில்லை. தாயின் இறுக்கத்தைத் தளர்த்திப் பால் இறங்க உதவுகிறது. அதையடுத்துக் குழந்தைக்குப் பாலூட்டினால் அல்லது பாலைக் கறந்தெடுத்தால்தான் சுரப்பு பெருகும்.

முதுகை நீவும் முறை எளியது. தாய் முன்புறம் சாய்ந்து, கைகளை மேசைமீது மடித்து வைத்து, அவற்றின்மேல் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். உதவுபவர் முதுகெலும்பின் இருபுறமும் கட்டைவிரல்களால் சிறு வட்டங்களாக அழுத்தியவாறு, கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பு வரை இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள் நீவ வேண்டும். மார்பை மென்மையாகவே தடவ வேண்டும். கட்டி, சிவப்பு, காய்ச்சல் தோன்றினால் அழுத்தி நீவுதல் வீக்கத்தை மிகுவிக்கும். மருத்துவரை நாட வேண்டும்.

பால் போதவில்லை என்னும் அச்சமே பல இல்லங்களில் புட்டிப்பாலுக்கு வழிவகுக்கிறது. முதல் சில நாட்களுக்குப் பின், குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பதும், எடை கூடுவதும் போதிய பாலுக்கு அடையாளங்கள். சீம்பாலைப் பீய்ச்சிவிடுதல் தவறு.

2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 88.6 விழுக்காடு மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காட்டினரே. இந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்குடன் 2016இல் மத்திய அரசு 'மா' திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எண்ணெயும் பரிவும் கொண்டு நீவும் பாட்டியின் கைகளுக்கு இச்செய்தியைத் தாய்மொழியில் எடுத்துரைப்பதே எல்லையோரப் பணியாளரின் முதற்கடமையாகும்.