லிட்டர் கணக்கும் மனக்கணக்கும்

வடக்கே கடலூரைக் கடந்தால் புதுச்சேரி எல்லையும், தெற்கே கொள்ளிடத்தைக் கடந்து வெகுதூரம் போனால் காரைக்காலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே குமராட்சியில் குடியிருக்கும் எங்களுக்குப் பெட்ரோல் விலையைப் பற்றிய மனக்குறை மற்ற ஊராரைக் காட்டிலும் சற்று அதிகம். ஏனெனில் ஒரே கம்பெனியின் ஒரே சரக்கு, யூனியன் பிரதேசத்தின் எல்லைக்கல்லைத் தாண்டியவுடன் லிட்டருக்குச் சில ரூபாய் மலிந்துவிடுகிற அதிசயத்தைப் பிரயாணம் போகும்போதெல்லாம் பிரத்தியட்சமாகக் கண்டு திரும்புகிறவர்கள் நாங்கள். மனக்குறை உள்ள இடத்தில் உபாயங்கள் முளைக்கும். சம்பா அறுவடைக் காலத்தில் அறுவடை மெஷினின் மணி வாடகை டீசலைக் காரணம் காட்டி ஏறும்போது, அந்த உபாயங்களுக்குக் கிராக்கியும் ஏறிவிடுகிறது. அவற்றுள் சிலவற்றை ரூபாய்க் கணக்கில் நிறுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கணக்கின் சௌகரியத்துக்காகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: புதுச்சேரி எல்லைக்குப் போய்ப் பெட்ரோல் போட்டு வந்தால் லாபம்.

அங்கே மலிவு என்பது வாஸ்தவம். அந்தப் பிரதேசத்தின் மதிப்புக்கூட்டு வரி நம் மாநிலத்து வரியைவிடக் குறைவு என்பதே காரணம். வித்தியாசம் லிட்டருக்கு 5 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் பிடிக்கும் தொட்டியை நிரப்பினால் 50 ரூபாய் மிச்சம். ஆனால் குமராட்சியிலிருந்து எல்லைக்கு 60 கிலோமீட்டர் போல இருப்பதால், போக வர 120 கிலோமீட்டருக்கு 2.4 லிட்டர், அதாவது 240 ரூபாய் எரிந்துபோகிறது. தென்பெண்ணைக் கரையில் வீடு உள்ளவருக்கும், வேறு காரியமாகப் புதுச்சேரி போய் வருகிறவருக்கும் பலிக்கிற லாபம், நம் ஊரிலிருந்து அதற்கென்றே கிளம்புகிறவருக்கு 190 ரூபாய் நஷ்டமாக முடிகிறது.

நம்பிக்கை: கச்சா எண்ணெய் இறங்கினால் பங்க் விலையும் தானாக இறங்கும்; பொறுத்திருந்து போடுவதே புத்திசாலித்தனம்.

இந்த நம்பிக்கை வளர்ந்ததற்கு ஜனங்களைக் குறை சொல்ல முடியாது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையையும், 2014 அக்டோபரில் டீசல் விலையையும் சர்க்கார் தன் பிடியிலிருந்து விடுவித்து, 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்று ஏற்பாடு செய்தபோது, இனி உலகச் சந்தை எப்படியோ அப்படியே நம் ஊர் பங்க் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். (அந்த ஏற்பாட்டை அதே ஆண்டு மே முதல் தேதியிலிருந்து ஐந்து நகரங்களில் ஒத்திகை பார்த்தார்கள், அவற்றுள் ஒன்று நம் பக்கத்துப் புதுச்சேரி.) நடந்ததோ வேறு. 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போன விநோதத்தைக் கண்டு நாம் வியந்துகொண்டிருந்த சமயத்தில், மே மாத ஆரம்பத்திலேயே மத்திய சர்க்கார் கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தி, இறங்கிய விலையின் பலனைத் தன் கஜானாவுக்குத் திருப்பிக்கொண்டது. பிறகு 2021 தீபாவளியன்று 5 ரூபாயும் 10 ரூபாயும், 2022 மே 22 முதல் 8 ரூபாயும் 6 ரூபாயும் குறைத்ததும் அதே வரியில்தான். மாநில சர்க்கார் 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்ததும் வரியிலேயே. நாள்தோறும் மாறவேண்டிய விலை, 2022 மே முதல் 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறையும் வரை, ஏறத்தாழ அசையாமல் நின்றது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சந்தை பாதி, வரி பாதி. அந்த இரண்டாவது பாதி கச்சா எண்ணெயோடு இறங்கும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அப்படியே நாளைக்கு 50 காசு குறைந்தாலும், 10 லிட்டருக்கு 5 ரூபாய். அதற்காக ரிசர்வில் ஓட்டி, வழியில் நின்று, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரை நான் அறிவேன். அறிவேன் என்ன, அடியேன்தான்.

நம்பிக்கை: விடியற்காலையில் போட்டால் அளவு அதிகம், 100 ரூபாய்க்குப் போடாமல் 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது.

முதலாவது நம்பிக்கையில் பௌதிக சாஸ்திரம் கொஞ்சம் இருக்கிறது. பெட்ரோல் ஒரு டிகிரி உஷ்ணத்துக்குச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. ஆனால் பங்கின் தொட்டி பூமிக்குள் புதைந்திருப்பதால் காலைக்கும் மாலைக்கும் அதன் உஷ்ணம் அதிகம் மாறுவதில்லை. தாராளமாக 2 டிகிரி மாறுகிறது என்றே வைத்தாலும், 3 லிட்டருக்கு 6 மில்லி, அதாவது 60 காசு. இரண்டாவது நம்பிக்கையில் அந்தக் கொஞ்சமும் இல்லை. இயந்திரம் அளப்பது கன அளவை. ரூபாய் அதிலிருந்து பெருக்கி வருவது. கோளாறு செய்யப்பட்ட இயந்திரம் 100 என்று கேட்டால் ஒரு நீதியும் 110 என்று கேட்டால் ஒரு நீதியும் வழங்காது. சந்தேகமுள்ளவர் செய்யவேண்டியது வேறு: முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கவேண்டும்; அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம்; 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்த இயந்திரம் தப்பு. கேட்கக் கூச்சப்படுவதனால்தான் 110 ரூபாய்க் கணக்கு இவ்வளவு செல்வாக்குப் பெற்றிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நம்பிக்கை: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம்.

சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் இடையே இறக்கம் என்று சொல்லத்தக்கது வாய்க்கால் பாலங்களின் முதுகைத் தவிர வேறில்லை என்றாலும், அந்த முதுகிலும் நியூட்ரல் போடுகிறவர்கள் உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதில் ஏதோ சிறிது அர்த்தம் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவை எரிபொருளைப் பீய்ச்சுகிற முறையில் இயங்குவதால், கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் பீய்ச்சுவது அநேகமாக நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்க எண்ணெய் வேண்டியிருக்கிறது. மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறோம். கூடவே எஞ்சின் தரும் பிரேக்கையும் இழக்கிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கமாக, அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் அதிகம் குடிக்கும் என்று ஒரு சாரார் சொல்வதும் சரியல்ல. புது வண்டிகளில் பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால் அணைப்பதே மேல். நெல் கொள்முதல் நிலையத்து வரிசையில் உறுமிக்கொண்டே நிற்கும் டிராக்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புகை யார் வீட்டுப் பணம் என்று எண்ணிக்கொள்வேன்.

நம்பிக்கை: காந்தம் மாட்டினால், மாத்திரை போட்டால், மூலிகை சேர்த்தால் மைலேஜ் இரட்டிக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சரித்திரமே உண்டு. ராஜபாளையத்துப் பக்கத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, தண்ணீரில் மூலிகையைக் காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாக 1996இல் அறிவித்தபோது, தேசமே பரபரப்படைந்தது. பட்டணத்துப் பத்திரிகைகளும் கிராமத்துத் திண்ணைகளும் ஒருசேர அவரைக் கொண்டாடின. விஞ்ஞானிகள் முன்னிலையில் நடந்த பரிசோதனையில் அந்தக் கூற்று நிலைக்கவில்லை. நிலைக்கவும் முடியாது: தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல், சாம்பலை மறுபடி விறகாக்க, அது எரிந்தபோது தந்த சக்தியை நாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அதை எந்த மூலிகையும் கொடுக்காது. எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தத்தின் கதையும் இதுதான். பெட்ரோலைக் காந்தம் ஒன்றும் செய்வதில்லை.

மாற்று எரிபொருளே பொய் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது மகாயுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, இந்த மாகாணத்துப் பஸ்கள் பின்னால் கரி உலையைச் சுமந்துகொண்டு, அதில் பிறந்த வாயுவில் ஓடின. அந்தப் பஸ்கள் மேட்டில் திணறின. உலையைக் கிளப்பவே நேரமாயிற்று. ஆனால் கரி எரிவதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அங்கே ரகசியம் எதுவும் இருக்கவில்லை.

இன்றைய மாற்று எத்தனால். இதைப் பற்றியும் இரண்டு நம்பிக்கைகள்: எஞ்சினையே தின்றுவிடும் என்பது ஒன்று, மைலேஜில் ஒரு வித்தியாசமும் வராது என்பது மற்றது. எத்தனாலின் உஷ்ண சக்தி பெட்ரோலினுடையதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே 20 சதம் கலந்த பெட்ரோலில் மைலேஜ் சிறிது குறைந்தே தீரும். இதற்கென்றே அமைக்கப்படாத கார்களில் 6, 7 சதமும், இரு சக்கர வண்டிகளில் 3, 4 சதமும் குறையலாம் என்று நீதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களைக் கவனிக்க வேண்டும். வீராணமும் கொள்ளிடமும் பொங்குகிற எங்கள் பக்கத்தாருக்கு இன்னொரு எச்சரிக்கை: எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் தொட்டியில் தண்ணீர் சேர்ந்துவிட்டால், அது எத்தனாலையும் கூட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். தொட்டியைக் காலி செய்யாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சேத்தியாத்தோப்பு ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற மாவட்டத்தில் எத்தனாலை அடியோடு வெறுப்பதும் நியாயமாகப் படவில்லை. குறைகிற மைலேஜுக்கு ஏற்ப விலையும் குறையவேண்டும் என்று கேட்பதே நியாயம்.

இனி, பலிக்கிற உபாயங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி ஏறுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல் 80இல் இரண்டரை மடங்கு. 1978இல் ஏற்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45க்கும் 55க்கும் இடையில் ஓட்டச் சொல்வது இதனால்தான். சிதம்பரம் கீழவீதிக்கு 80இல் பறந்துபோகிறவருக்கு ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல் மிச்சமாவதில்லை. அதையும் வண்டி நிறுத்த இடம் தேடுவதில் செலவழித்துவிடுகிறார். சடாரென்று முறுக்கிச் சடாரென்று பிரேக் பிடிக்கிற பழக்கத்தையும், அழுக்கேறிய ஏர் பில்டரையும், எண்ணெய் காணாத செயினையும் பற்றி மெக்கானிக்குகள் சொல்வது முற்றிலும் சரி, விஸ்தரிக்க வேண்டியதில்லை.

டயர்க் காற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சென்ற மாதம் என் வண்டியின் பின் டயரை அளந்து பார்த்தபோது, இருக்கவேண்டிய அளவுக்கு 10 பவுண்டு குறைவாக இருந்தது. காற்று அடித்து, தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தை நோட்டில் குறித்து, மறுபடி நிரப்பும்போது வகுத்துப் பார்த்தேன்: லிட்டருக்கு 46 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது 48 ஆயிற்று. மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிற எனக்கு அது ஏறக்குறைய 90 ரூபாய். பஞ்சர் கடையில் காற்றுக்குக் கொடுத்தது 10 ரூபாய்.