கீசர் சுவிட்சைப் போடும் முன்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள், கோடை முழுக்கச் சும்மா கிடந்த கீசரை ஆள் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்மண்டபம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது அவசர வேலை.

நம் சென்னையில் குளிர் ஒன்றும் பெரிய விஷயமில்லை. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1895-ஆம் ஆண்டில். மார்கழி விடியலிலும் வழக்கமாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் விசைப்படகிலிருந்து நனைந்து வருபவருக்கும், வீட்டுப் பெரியவர்களுக்கும், கைக்குழந்தைக்கும் தை வரை வெந்நீர் இல்லாமல் முடியாது. அதைத் தரும் கீசருக்கு இங்கே எமன் உப்புதான். குழாய் வழியாகவும் வரும், காற்றிலும் வரும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்காமல் விடாதீர்கள்.

முதலில் எர்த்

15 லிட்டர் கீசர் பெரும்பாலும் 2000 வாட்ஸ். ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் 3000 வாட்ஸ், 13 ஆம்பியர். இரண்டுக்கும் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டும், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தனி வயரும் வேண்டும். லைட், ஃபேன் ஓடும் 5 ஆம்பியர் பாயின்ட்டில் கன்வர்ட்டர் செருகி ஓட்டாதீர்கள். பழைய குடியிருப்புகளில் இந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பித்தளைப் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தாலும், ஓட்டை ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தாலும் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் பிடிப்பு தளர்ந்து சூடேறியதன் அடையாளம் அது.

எர்த் குழாயில் இன்னொரு சிக்கல். மேலே தெரியும் பகுதி நன்றாக இருக்கும். கடலோர மண்ணில் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஜி.ஐ. குழாய் அரித்துப்போயிருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மீட்டர் போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஷாக் அடிக்கும்போது மின்சாரத்தைத் துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.தான். இல்லையென்றால் போடுங்கள். இருந்தால் அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும்.

தொட்டிக்குள் உப்பு

மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறித் தண்ணீர் இறைத்ததால் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது 1960-களின் இறுதியிலேயே தெரிந்த சேதி. காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் வந்தது. அந்த நீரும் சேர்ந்து வரும் மெட்ரோ வாட்டர் மட்டும் ஏறும் கீசருக்குத் தொல்லை குறைவு. போர் தண்ணீர் ஏறினால் தொட்டி அடியில் சுண்ணாம்பு மணல் போலப் படியும். ஹீட்டிங் காயிலில் வெள்ளை ஓடு கட்டும். சூடாக நேரமாகும், காயிலும் சீக்கிரம் எரியும். 60 டிகிரியைத் தாண்டினால் படிவது வேகமாகும். ஆகவே தெர்மோஸ்டாட்டை அதற்குமேல் வைக்காதீர்கள்.

சர்வீஸ் ஆள் வந்தால் மூன்று வேலை சொல்லுங்கள். தொட்டியை முழுக்க வடித்துக் கழுவ வேண்டும். காயிலில் படிந்ததை நீக்க வேண்டும். ஆனோடு ராடை வெளியே எடுத்து உங்கள் கண்ணில் காட்ட வேண்டும். அது தொட்டிக்குப் பதிலாகத் தானே கரைந்துபோகும் மக்னீசியக் கம்பி. புதிதில் விரல் தடிமன் இருக்கும். தீர்ந்துபோனால் நடுவிலுள்ள மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் வெள்ளைப் பொருக்குடன் வரும். அந்த நிலையில் மாற்றாவிட்டால் அடுத்து ஓட்டை விழுவது தொட்டியில்தான்.

குளிர்நீர் வரும் வழியில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணீர் சூடாகும்போது அதிலிருந்து சொட்டுவது இயல்பு. விரியும் நீர் போக வேண்டிய வழி அது. சொட்டுகிறதே என்று எம்-சீல் வைத்து அடைத்தால் கீசர் வெடிக்கவும் கூடும். கீசர் ஆறியிருக்கும்போது வால்வின் கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் பீறிட வேண்டும். உப்பு இறுகி அசையவில்லை என்றால் வால்வை மாற்றுங்கள்.

சுவிட்சுக்கு முன் குழாய்

மேல்தொட்டி காலியாகிவிடும் வீடுகளில் இதை வழக்கமாக்குங்கள்: முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்து, மூடி, அப்புறம் சுவிட்ச். வெறும் தொட்டியில் காயில் சூடேறினால் எரிந்துபோகும். குளிக்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 0.6 யூனிட் ஆகும். 2000 வாட்ஸ் கீசருக்குச் சுமார் 20 நிமிடம். தினம் இருமுறை என்றால் இரண்டு மாத பில்லில் 70 யூனிட்டுக்கு மேல் இதற்கே போகும். அரசு தரும் இலவச 100 யூனிட்டில் முக்கால்வாசி கிட்டத்தட்ட இங்கேயே கரைந்துவிடும்.

ஹீட்டர் ராடு, கேஸ் கீசர்

ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் பக்கெட்டில் மட்டும் போடுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ஒரு பக்கெட் குளிக்கும் சூட்டுக்கு வர 1500 வாட்ஸ் ராடுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். படிந்த உப்பைக் கத்தியால் சுரண்டினால் மேலுறை கீறும், தண்ணீரில் கரண்ட் கசியும். பிளக்கை எடுத்துவிட்டு, சுருளை மட்டும் வினிகரில் ஊற வையுங்கள். மேலுறையில் வெடிப்பு தெரிந்தால் ராடைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய அறையில் சில நிமிடங்களில் மயக்கம், அப்புறம் உயிருக்கே ஆபத்து. சாரல் அடிக்கிறதென்று வென்டிலேட்டரைச் சாக்கு வைத்து அடைக்கும் இந்த மாதங்களில்தான் ஆபத்து கூடும்.

தண்ணீர் வீட்டுக்குள் வந்தால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர்ப் பக்கம் எண்ணெயையும் சேர்த்து வீடுகளுக்குள் கொண்டுவந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் கீசர் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். பிளக் பாயின்ட் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால், வடிந்த பிறகும் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மெயினைப் போடாதீர்கள். தெருக் கம்பம், அறுந்த கம்பி பற்றிச் சொல்ல மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 எந்நேரமும் இயங்கும்.

இதையெல்லாம் இந்த வாரமே முடித்துவிடுங்கள். பெருமழை ஒன்று கொட்டிவிட்டால், தண்ணீர் புகுந்த மோட்டார்களுக்கே எலக்ட்ரீஷியன்களுக்கு நேரம் சரியாக இருக்கும். இன்று கூப்பிட்டால் நாளை வருபவர், கார்த்திகையில் போனையே எடுக்க மாட்டார்.