மங்கிய விளக்கும் மறைந்த குற்றமும்

இரண்டாம் உலகப் போரில் (1939–1945) பிரிட்டிஷ் சேனைக்கு உழைத்த பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்போர், முன்விளக்கு மங்கின் பல்பையே பழிப்பர். நாமும் இரு பல்புகளை வீணே மாற்றினோம். அதன் மின்னமைப்பு 6 வோல்ட். 24 வாட் பல்புக்கு 4 ஆம்பியர் வேண்டும். வழியில் 1 வோல்ட் குறையினும் ஒளி ஏறத்தாழப் பாதியாகும். மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டமே. அழகு கருதி நாம் பூசிய புது வர்ணமே அவ்வழியை அடைத்திருந்தது!

விளக்கின் உலோகக் கூட்டிலிருந்து, சட்டத்தோடு இணைந்த பாட்டரி முனைக்குத் தனிக்கம்பி பிடித்துப் பார்க்க. ஒளி ஓங்கின் குற்றம் திரும்பும் வழியில்; இணைப்பிடத்து வர்ணத்தைச் சுரண்டி இறுக்குக. ஓங்காவிடின் ஸ்விட்சையும் விளக்குக்குச் செல்லும் கம்பியையும் சோதிக்க. இருளில் நமக்கும் எதிர்வருவோர்க்கும் உயிர்க்காவல் அவ்வொளியன்றோ?