வாடுகிற கிரீடமும் "கான்கரர்" பட்டமும்

வேதபாடம்
வாசிக்க: 1 கொரிந்தியர் 9:24-27, 6:12; 1 தீமோத்தேயு 4:8; வெளிப்படுத்தின விசேஷம் 2:17



வீட்டுக்கூட்டம் முடிந்து செருப்பு போடும்போது ஒரு தாயார் என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, என் பையன் பப்ஜியில கான்கரர் ஆயிட்டானாம். ராத்திரி ஒரு மணிக்கு வீடே எழுந்துக்கிற மாதிரி கத்துறான். ஜெயிச்சுட்டான்னு சந்தோஷப்படறதா, கெட்டுப்போறான்னு அழறதா?" முத்தியால்பேட்டையிலிருந்து அரியாங்குப்பம் வரை நம் சபைக் குடும்பங்களில் இந்தக் கேள்வி இல்லாத வீடு குறைவு. "விளையாட்டே பாவம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். முடித்தால் அந்தத் தம்பி அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரமாட்டான், போன் மட்டும் அவன் கையிலேயே இருக்கும். ஆகவே வேதத்தை வைத்துப் பொறுமையாய்ப் படிப்போம்.

பெரியவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் விளையாடுவது ஒன்று. அந்த விளையாட்டு கொடுக்கிற பட்டம், பதக்கம், ரேங்க் இவற்றைத் துரத்துவது வேறொன்று. 1980-களின் தொடக்கத்தில் ஆக்டிவிஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி ஒரு வழக்கம் வைத்திருந்தது. குறிப்பிட்ட ஸ்கோர் எடுத்தவர் டி.வி. திரையைப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளத் துணி பேட்ஜ் வரும். "பிட்ஃபால்" என்ற விளையாட்டில் 20,000 புள்ளி எடுத்தால் ஒன்று. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அந்த பேட்ஜ் துணியிலிருந்து திரைக்குள் போய்விட்டது. எந்த விளையாட்டை ஆடினாலும் சாதனைகளைக் கூட்டிப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மொத்த எண் காட்டுவார்கள். 2008-இல் பிளேஸ்டேஷன்காரர்களும் கோப்பைகள் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு அது போனுக்குள்ளே வந்து நம் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது.

பப்ஜியில், இப்போது இந்தியாவில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இருப்பதில், ஏணி இப்படிப் போகிறது: பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், கிரவுன், ஏஸ், எல்லாவற்றுக்கும் மேலே கான்கரர். கடைசிப் பட்டம் அந்தப் பிரிவில் முதல் 500 இடத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். வேறொருவன் முந்திவிட்டால் நீ கீழே. பிள்ளைகள் இதை "ரேங்க் புஷ்" என்கிறார்கள்.

இரண்டு வார்த்தைகளைக் கவனித்தீர்களா? கிரவுன் என்றால் கிரீடம். கான்கரர் என்றால் ஜெயங்கொள்ளுகிறவன். வெளிப்படுத்தின விசேஷம் 2, 3-ஆம் அதிகாரங்களில் ஏழு சபைக்கும் ஏழு தடவை வருகிற வார்த்தை! கம்பெனிக்காரர் வேதத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லிப் பயமுறுத்தவும் எனக்கு விருப்பமில்லை. மனுஷ இருதயம் எதற்கு ஏங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது கொரிந்து பட்டணத்துக்குப் போவோம். அந்தப் பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடக்கும். ஓட்டம், மல்யுத்தம், குத்துச்சண்டை, ரதப்போட்டி எல்லாம் உண்டு. பவுல் அந்தப் பட்டணத்தில் ஒன்றரை வருஷம் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார் என்று அப்போஸ்தலர் 18-இல் படிக்கிறோம். கி.பி. 51-இல் நடந்த போட்டியின்போது அவர் அங்கே இருந்திருப்பார் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். வெளியூர்க் கூட்டம் வந்து கூடாரத்தில் தங்குகிற காலம் என்றால் கூடாரம் தைக்கிறவருக்கு நல்ல வேலை இருந்திருக்குமே!

அந்தப் போட்டியில் ஜெயித்தவனுக்கு என்ன கொடுத்தார்கள்? பைன் மரத்தின் இலைக்கிரீடம். செலரி என்கிற கீரையால் பின்னிய கிரீடமும் உண்டு. அதிலும் பச்சைக் கீரை இல்லை, வாடின கீரை! தலையில் வைக்கும்போதே வாடினது. அழிவுள்ள கிரீடத்தைப் பற்றி பவுல் எழுதினபோது கொரிந்தியர் சிரித்திருப்பார்கள். அவர்கள் கண்ணால் பார்த்த விஷயம் அது.

ஆனால் பவுல் அந்த ஓட்டக்காரனைக் கேலி செய்யவில்லை. 25-ஆம் வசனத்தைத் திரும்ப வாசியுங்கள். அவன் எல்லாவற்றிலும் அடக்கமாய் இருக்கிறான் என்பதை விசுவாசிகளுக்கு மாதிரியாகவே காட்டுகிறார். உடற்பயிற்சியைப் பற்றித் தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் அதற்குக் கொஞ்சம் பயன் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். கொஞ்சம்தான், ஆனாலும் உண்டு. பெற்றோர் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கான்கரர் ஆன பையன் சோம்பேறி அல்ல. நூறு பேர் இறங்குகிற மேட்சில், அரை மணி நேரம், சத்தம் கேட்டு எதிரி எங்கே என்று கண்டுபிடித்து, நாலு பேர் ஸ்குவாடை ஒற்றுமையாய்க் கொண்டுபோய், தோற்றால் மறுபடி இறங்கி, தப்பைத் திருத்தி, மாதக்கணக்கில் ஆடியிருக்கிறான். அந்தப் பொறுமை நிஜம். "உருப்படாதவன்" என்று அவனைச் சொல்கிற அப்பாவிடம் அவ்வளவு பொறுமை இருக்கிறதா என்று நான் சில வீடுகளில் யோசித்திருக்கிறேன்.

அப்படியானால் தவறு எங்கே? கிரீடத்தில்தான்.

கீரைக் கிரீடம் இயற்கையாய் வாடியது. இந்தக் கிரீடத்தை வாடும்படியாகவே செய்திருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு சீசன். சீசன் முடிந்ததும் எல்லாரையும் பல படி கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏறச் சொல்வார்கள். ஏன்? உச்சிக்குப் போனவன் திருப்தியாய்ப் போனைக் கீழே வைத்துவிட்டால் வியாபாரம் என்ன ஆகும்? அவன் தினமும் வரவேண்டும், ராயல் பாஸ் வாங்கவேண்டும், யூ.சி. என்கிற அவர்கள் காசுக்கு நம் காசைக் கொடுக்கவேண்டும். ஏணிக்கு மேல் படி கிடையாது என்பது தற்செயல் இல்லை.

அதோடு அந்தக் கிரீடம் அவனுடையதும் அல்ல. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைல் ஒன்று. அக்டோபர் 30-ஆம் தேதியோடு இந்தியாவில் சர்வரே நின்றுபோனது. லாஸ்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அன்று சாப்பிடவில்லை. "பாஸ்டர், ரெண்டு வருஷம். ஐடி போச்சு" என்றான். வீட்டில் யாரோ இறந்தது போல இருந்தது அவன் முகம். 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள், அவனும் மாற்றிக்கொண்டான். 2022 ஜூலை 28-ஆம் தேதி அதுவும் ஆப் கடைகளிலிருந்து தூக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்ப வந்தபோது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வேலி போட்டுத்தான் வந்தது. இதே போல ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது. அந்தத் தம்பி ஏமாளி இல்லை, நல்ல கெட்டிக்காரன். தன் இரண்டு வருஷத்தைத் தன் கையில் இல்லாத பெட்டியில் போட்டு வைத்தான், சாவி வேறொருவரிடம். பூச்சியும் துருவும் கெடுக்கிற பொக்கிஷத்தைப் பற்றி மத்தேயு 6-இல் ஆண்டவர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நேரத்தைக் கணக்கிடுவோம். ஒரு மேட்ச் அரை மணி நேரம். நாளைக்கு நாலு மேட்ச் என்றால் 2 மணி நேரம். 60 நாள் சீசனுக்கு 120 மணி நேரம். (கான்கரர் ஆக இது போதாது என்று வாலிபர்கள் என்னைத் திருத்துவார்கள். சரி, குறைவாகவே வைத்துக்கொள்வோம்.) நம்ம ஊரில் பிரெஞ்சு மொழியின் முதல் நிலையான ஏ-1 படிக்க ஏறக்குறைய அவ்வளவு மணி நேரம்தான் ஆகும். தேர்வு எழுதி டெல்ஃப் சான்றிதழ் வாங்கினால் அதற்குக் காலாவதியே கிடையாது. எந்த சீசனிலும் அதைக் கீழே இறக்கமாட்டார்கள்.

"பாஸ்டர், இப்ப இதுவே ஒரு ஸ்போர்ட்ஸ்தானே?" என்று கேட்பார்கள். உண்மைதான், மறைக்க வேண்டாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக மின்விளையாட்டு நடந்தபோது இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வாங்கினார். 2023-இல் ஹாங்ஷோவில் அது பதக்கப் போட்டியாகவே ஆனது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமும் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுத்து, மின்விளையாட்டை விளையாட்டாக அங்கீகரிக்கிறது. ரம்மியில் பணம் தொலைத்துக் குடும்பங்கள் அழிந்த கதை வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. பண்டைய ஏதென்சில் இஸ்த்மியப் போட்டியில் ஜெயித்த தன் ஊர்க்காரனுக்கு 100 திராக்மா கொடுக்கும்படி சோலோன் சட்டம் வைத்தான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஆக, அன்றும் கீரைக்குப் பின்னால் காசு இருந்தது. ஒரு பிள்ளைக்கு மெய்யாகவே அந்தத் திறமை இருந்து, நேரம் குறித்து, பயிற்சியாளரோடு, படிப்பும் கெடாமல் போட்டிக்குப் போனால் நான் தடுக்கமாட்டேன், ஜெபித்து அனுப்புவேன். ஆனால் நம் தெருவில் ராத்திரி ஒரு மணிக்கு ஆடுகிறவர்களில் அந்த வழியில் போகிறவர் எத்தனை பேர்? அவர்களே சொல்லட்டும்.

பெரியவர்கள் இந்த இடத்தில் தலையாட்டிக்கொண்டு தப்பித்துவிட வேண்டாம். யூவெர்ஷன் என்கிற வேதாகமச் செயலி நம்மில் அநேகர் போனில் இருக்கிறது. நல்ல செயலிதான். அதிலும் தொடர்ந்து எத்தனை நாள் திறந்தோம் என்று எண்ணிக் காட்டும், பேட்ஜ் கொடுக்கும். கணக்கு உடையக்கூடாதே என்று ராத்திரி 11.55-க்கு அதைத் திறந்து, ஒரு வசனமும் மனதில் ஏறாமல் மூடி வைக்கிறவர் இருந்தால், அவரும் ரேங்க் புஷ்தான் செய்கிறார். வேத வினாடி வினா ஷீல்டு பக்கத்துச் சபைக்குப் போய்விட்டதே என்று மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாதிருந்த மூப்பர்களையும் நான் அறிவேன். இந்த ஏக்கம் வாலிபர்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

வெளிப்படுத்தின விசேஷம் 2:17-ஐ இங்கே வைத்துப் பாருங்கள். பெர்கமு சபையில் ஜெயங்கொள்ளுகிறவனுக்கு ஒரு வெள்ளைக் கல், அதில் ஒரு புதிய பெயர். அதைப் பெற்றவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதாம்! லாபியில் எல்லாரும் பார்க்கும்படி பெயருக்குப் பக்கத்தில் மின்னுகிற பட்டத்துக்கு இது நேர் எதிர். ஒருவரும் பார்க்காவிட்டால் அந்தப் பட்டத்துக்காக நீ இத்தனை நாள் விழித்திருப்பாயா, தம்பி? இந்தக் கேள்வியை ஆட்டத்துக்கு மட்டுமல்ல, மேடையில் பாடுகிறதற்கும், பிரசங்கிக்கிறதற்கும் சேர்த்தே கேட்கிறேன்.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். விளையாடுவது இளைப்பாறுதல், அதை நான் குற்றப்படுத்தவில்லை. நம்ம ஊரில் சொல்தா தாத்தாக்கள் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங்க் ஆடுவார்கள். சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், இருட்டினதும் குண்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நாளை வராவிட்டால் புள்ளி குறையும் என்று அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அப்படி நண்பர்களோடு ஒன்றிரண்டு மேட்ச் ஆடி எழுந்து போக முடிந்தால் ஆடு. பட்டத்துக்காக ஏறுவதற்கு மட்டும் உன் வாலிப நாட்கள் தகுந்த விலை இல்லை, மிகவும் அதிக விலை.

எழுந்து போக முடியவில்லையா? 1 கொரிந்தியர் 6:12-இல் எதற்கும் அடிமைப்படமாட்டேன் என்கிற தீர்மானத்தைப் பவுல் சொல்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் இருக்கிறது. நிறுத்த நினைத்தும் கட்டுப்பாடு இல்லாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிப்போவது, கேடு வருவது தெரிந்தும் தொடர்வது, இவைகள் பொதுவாக ஒரு வருஷ அளவுக்கு நீடித்து வாழ்க்கையைப் பாதித்தால் அது வியாதி. அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றோர் அடிக்க வேண்டாம், போனைத் தரையில் போட்டு உடைக்கவும் வேண்டாம். ஜெபிப்போம், உபவாசிப்போம், கூடவே ஜிப்மர் மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போங்கள். டாக்டரிடம் போவது அவிசுவாசம் அல்ல. சில பிள்ளைகள் பட்டத்துக்காக ஆடுவதே இல்லை. வீட்டில் பேச ஆளில்லை, ஸ்குவாடில் மூன்று பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதற்காக ஆடுகிறார்கள். அந்த வீட்டில் முதலில் மாற வேண்டியவர் அப்பாவாக இருக்கலாம்.

வருகிற சனிக்கிழமை வாலிபர் கூட்டத்தில் இந்தப் பாடத்தைத் தொடர்ந்து படிப்போம். எல்லாரும் போனைக் கொண்டுவாருங்கள். செட்டிங்ஸில் எந்தச் செயலிக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் போயிற்று என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் போடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று மூப்பர்களும் வருகிறார்கள், அவர்களும் எழுதிக் கொடுப்பார்கள். வாட்ஸ்அப்பையும் யூடியூப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.