மண்ணில் புதைத்த சாடி

ஜார்ஜியா ஒரு சிறிய மலைநாடு. கருங்கடல் ஓரத்தில் உள்ளது. அங்கே 8000 ஆண்டுகளாகத் திராட்சையில் ஒயின் செய்கிறார்கள்.

இதற்கென்று முட்டை வடிவில் பெரிய மண்சாடி உண்டு. அதன் பெயர் குவெவ்ரி. வாய் மட்டும் தெரியும்படி அதைத் தரையில் புதைக்கிறார்கள். திராட்சையைப் பிழிந்து, சாறு, தோல், விதை எல்லாம் சேர்த்து உள்ளே ஊற்றுகிறார்கள். சாறு பொங்கி அடங்கும். பிறகு வாயை மூடுகிறார்கள். ஐந்தாறு மாதம் மண்ணின் குளிர்ச்சி ஒயினைக் காக்கும்.

2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. அதுவரை பெரும்பகுதி அங்கேதான் விற்றது. உழவர்கள் தவித்தார்கள். வேறு நாடுகளில் விற்க வழி தேடினார்கள். அங்கே சாடி ஒயினுக்குத் தனி மதிப்புக் கிடைத்தது. 2013இல் ரஷ்யா தடையை நீக்கியது. அதே ஆண்டு சாடி முறையை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

பாட்டன் கற்றுத் தந்த தொழில் பேரனுக்குக் கை கொடுத்தது.